பாடி எர்த்

முத்துக்கடை தாண்டி, எடைமேடைக்கு எதிரே என் கடை.
பகல் இரண்டு மணி, தார் இளகும் சித்திரை.
மேல்விஷாரத்து அத்தாவுல்லாவின் டாட்டா ஏஸை
நாலு பேர் தள்ளிக்கொண்டு வந்தார்கள்.
பின்னால் உப்பிட்ட ஆட்டுத்தோல் எழுபது கட்டு,
ஈக்கள் தனி.

"பிரேக் புட்ச்சா இண்டிகேட்டர் எரியுதுக்கா.
லைட்டப் போட்டா ஹாரன் அழுவுது.
செல்ப் அட்ச்சா டக்குனு ஒரு சத்தம், அவ்ளோதான்.
பேட்டரி புச்சு. ஆல்டர்னேட்டர் புச்சு.
ஆற்காட்ல ஒர்த்தன் பியூஸ் பாக்ஸயே மாத்திட்டான்.
பதினோராயிரம் பூட்ச்சு."

பதினோராயிரமும் சிவப்பு ஒயருக்கே போயிருந்தது.
அதன்மேல்தான் எல்லோருக்கும் கண்.
அதற்கு பியூஸ் உண்டு, ரிலே உண்டு, பிளாஸ்டிக் தொப்பி உண்டு.
கறுப்பு
சேறு அப்பிய ஏதோ ஒரு போல்ட்டுக்குக் கீழே
கூப்பிட ஆளில்லாமல் கிடக்கும்.

மீட்டரின் ஒரு முள் பேட்டரி மைனஸில்,
இன்னொன்று இன்ஜின் மேல்.
"அடி" என்றேன். அடித்தான்.
ஒன்று புள்ளி எட்டு.
புள்ளி இரண்டு என்றால் மன்னிக்கலாம்.

போகிற போக்கில் இன்னொன்றும் சொன்னான்:
ஆக்ஸிலேட்டர் கேபிள் சுடுகிறதாம்,
உறை உருகி இரண்டு தடவை மாற்றியாயிற்றாம்.

சிரித்துவிட்டேன்.
போன கரண்ட் வீடு திரும்பியாக வேண்டும், அத்தாவுல்லா.
பெரிய தெரு அடைபட்டால் சந்தில் நுழையும்,
கிளட்ச் கம்பியில், பேரிங் குண்டுகளில்,
அது தாங்குமா தாங்காதா என்று பார்க்காது.
இத்தனை நாளும் உன் வண்டி கிளம்பியது
நீ காலால் மிதிக்கிற அந்தக் கம்பியின் புண்ணியத்தில்.

அடியில் படுத்தேன்.
தோலிலிருந்து ஒழுகிய உப்புத் தண்ணீர்
மூன்று வருடமாக ஒரே இடத்தில் சொட்டியிருக்கிறது.
எர்த் பட்டை இருந்த இடத்தில் பச்சைக் களிம்பு.
தொட்டதும் செம்பு உதிர்ந்தது,
முப்பது இழையில் நாலு மிச்சம்.
அதன் மேலேயே யாரோ பெயின்ட் அடித்திருந்தார்கள்,
எஃப்.சி.க்கு லட்சணமாக.

பதின்மூன்றாம் நம்பர் ஸ்பேனர். போல்ட் அசையவில்லை.
மண்ணெண்ணெய் ஊற்றிவிட்டு டீ சொன்னோம்.
அப்போதுதான் கேட்டான்:
"எர்த்து எர்த்துன்றியேக்கா,
நாலு பக்கமும் ரப்பரு.
வண்டி எங்க மண்ணத் தொடுது?"

உடனே பதில் வரவில்லை எனக்கு.
தொடுவதில்லைதான்.
"நீயும் தினம் பாலாத்தத் தாண்டித்தான வர்ற,
ஒரு சொட்டு தண்ணி பாத்தியா?" என்றேன்.
பேர் அப்படி.
வண்டிக்கு அதன் இரும்புதான் மண்.

போல்ட் கழன்றது, பாதி துருவாக.
உப்பு தின்ற இடத்தை உப்புத்தாளால் தேய்த்தேன்.
பேர் வைத்தவன் குசும்புக்காரன்.
பெயின்ட் போய், பிரைமர் போய், துரு போய்
ஐந்து ரூபாய்க் காசளவு வெள்ளை இரும்பு.
தோல் ஏற்றுகிறவன், தோல் உரிவதை
குனிந்து பார்த்துக்கொண்டிருந்தான்.
எர்த்துக்குத் தோல் ஆகாது.
இரும்பும் செம்பும் அம்மணமாகத் தொட வேண்டும்.

விரல் தடிமனில் புதுப் பட்டை.
முனையை முறுக்கி டேப் சுற்றுகிற வேலை என்னிடம் இல்லை;
லக்கில் நுழைத்து நசுக்கினேன், இழுத்தேன், வரவில்லை.
பல் வாஷர் கடித்துக்கொண்டது.
இறுக்கிய பிறகுதான் கிரீஸ், மேலாக, கெட்டியாக.

ஒரே செல்ப்.
புள்ளி பூஜ்யம் எட்டு.
ஹாரன் அடித்தான், எடைமேடைக்காரர் திரும்பி முறைத்தார்.

"எவ்ளோக்கா?"
"இருநூத்தி நாப்பது."
அவன் முகம் விழுந்துவிட்டது.
பதினோராயிரம் தின்ற வியாதிக்கு இவ்வளவுதானா என்று
அவமானப்பட்டவன் போல நின்றான்.
"வேற ஏதாச்சும் ஒண்ணு மாத்தேங்கா."
நம்பர் பிளேட்டுக்கு ஒரு பல்பு போட்டேன்,
மனசு ஆறட்டும் என்று.

கிளம்பும் முன் குனிந்து
கேபிளை இரண்டு விரலால் பிடித்துப் பார்த்தான்,
பிடித்தபடியே இருந்தான்.
ராணிப்பேட்டையில் அன்றைக்கு
சுடாமல் இருந்தது அது ஒன்றுதான்.